பழைய ஒற்றை எஞ்சின் விமானத்தை நெடும்பயணத்துக்குத் தயார் செய்வது

என்னிடம் இருப்பது 1974-இல் தயாரான செஸ்னா 182. நான்கு இருக்கை, 230 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின், மடங்காத சக்கரங்கள். நானும் என் மனைவியும் தொலைதூரம் போய்வரத்தான் வாங்கினோம். அதில் நான் செய்த மாற்றங்களைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "வேகம் எவ்வளவு கூடிச்சு?" என்பதுதான். கூடவில்லை. அதற்காக நான் செலவும் செய்யவில்லை. அதற்குக் காரணமான கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற முடிவுகள் எல்லாம் அதிலிருந்துதான் வந்தன.

மேலே சீராகப் பறக்கும்போது தேவைப்படும் திறன், கிட்டத்தட்ட வேகத்தின் மும்மடிக் கணக்கில் ஏறும். 135 நாட் (மணிக்கு 135 கடல் மைல்) வேகத்தில் போகிற விமானத்தை 150-க்குக் கொண்டுபோக வேண்டுமானால் திறன் 37 சதவீதம் கூட வேண்டும். எஞ்சினை மாற்றி, ஊர்ப்பட்ட பணத்தைக் கொட்டி, அதைச் செய்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். 600 கடல் மைல் பயணத்தில் மிச்சமாவது 27 நிமிடம். அதே பயணத்தில் பெட்ரோலுக்காக ஒருமுறை இறங்கினால், சுற்றி வந்து இறங்கி, எரிபொருள் வண்டிக்குக் காத்திருந்து, நிரப்பி, பணம் கட்டி, மறுபடி 9,000 அடிக்கு ஏறுவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். ஆகவே நெடும்பயணத்துக்கு வேகத்தைவிட, இடையில் இறங்காமல் போவதுதான் லாபம். இடையில் இறங்காமல் போக இரண்டு விஷயங்கள் தாக்குப்பிடிக்க வேண்டும்: டேங்க், அப்புறம் உட்கார்ந்திருக்கும் ஆள்.

ஆள் எவ்வளவு நேரம் தாங்குவார் என்பதை எங்கள் வீட்டில் முடிவு செய்தது நான் இல்லை. "நாலு மணி நேரத்துக்கு மேல என்னால உட்கார முடியாது, இப்பவே சொல்லிட்டேன்" என்று மனைவி சொன்னார். சரி, அதுதான் அளவு. நான்கு மணி நேரம் பறக்க வேண்டும், இறங்கும்போது டேங்கில் இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மிச்சம் இருக்க வேண்டும். என் எஞ்சின் மணிக்கு 13 அமெரிக்க காலன், அதாவது ஏறத்தாழ 49 லிட்டர் குடிக்கும். ஐந்தரை மணி நேரத்துக்கு 71 காலன் சொச்சம். பெரிய டேங்க் போட்டு வந்த விமானம் என்பதால் 75 காலன் வரை பயன்படுத்த முடிகிறது. உங்கள் விமானத்தில் சின்ன டேங்க் இருந்தால், இறக்கை நுனியில் கூடுதல் டேங்க் பொருத்த அந்த மாடலுக்கு அனுமதி பெற்ற வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எஞ்சினை மாற்றுவதற்குமுன் இதைத்தான் யோசிக்க வேண்டும்.

இதே கணக்கை உங்கள் விமானத்துக்கும், உங்களோடு வருகிறவர்களுக்கும் போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடைக்காரர் காட்டும் ஒவ்வொரு பொருளையும் அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பாதி ஆசை தானாக அடங்கிவிடும்.

எடை

நிரப்பிய டேங்கைத் தூக்கிக்கொண்டு மற்றதையும் தூக்க வேண்டுமே. 75 காலன் பெட்ரோல் 450 பவுண்டு, அதாவது 204 கிலோ. இந்த மாடலின் உச்ச எடை 2,950 பவுண்டு. வெறும் விமானத்தின் எடையைக் கழித்தால் சுமார் 1,100 பவுண்டு கிடைக்கும். பெட்ரோல் போக மீதி 650 பவுண்டு, கிட்டத்தட்ட 295 கிலோ. இரண்டு பேர், பெட்டிகள், கருவிகள் என்றால் தாராளம். நான்கு பெரியவர்கள் என்றால் டேங்கை நிரப்பக் கூடாது. எத்தனை மாற்றம் செய்தாலும் இந்த உண்மை மாறாது.

காகிதத்தில் இருக்கும் எடையை மட்டும் நம்ப வேண்டாம். ஐம்பது வருடமாக ஒவ்வொருவரும் எதையாவது சேர்த்தும் எடுத்தும், கணக்கைக் கூட்டல் கழித்தலிலேயே ஓட்டியிருப்பார்கள். வேலை தொடங்குமுன் ஒருமுறை, எல்லாம் முடிந்தபின் ஒருமுறை விமானத்தை உண்மையான தராசில் ஏற்றி நிறுங்கள். காக்பிட்டின் கருவிப் பேனலைத் திறக்கும்போது செத்துப்போன வயர், பயன்படாத ஏடிஎஃப் (ரேடியோ அலையைக் கொண்டு திசை காட்டும் பழைய கருவி), அதன் ஆன்டெனா, பழைய ரேடியோ தட்டுகள் எல்லாவற்றையும் பிடுங்கி எடுக்கச் சொல்லுங்கள். "அது அங்கேயே கிடக்கட்டும் சார், தொந்தரவு இல்லை" என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தக் குப்பைக்கு எடை உண்டு, நாளைக்கு எங்காவது உரசி ஷார்ட் ஆகவும் வழி உண்டு.

உடம்பு முதலில், நகை பிறகு

வாங்கிய கையோடு பேனலுக்குப் புது எலக்ட்ரானிக் திரைகளுக்கு ஆர்டர் கொடுப்பது பெரும்பாலானோரின் வழக்கம். பழைய விமானத்தில் அந்தப் பணம் முதலில் போக வேண்டிய இடம் வேறு. 182-இல் நான் முதலில் பார்ப்பது ஃபயர்வால், எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு. இந்த மாடலுக்கு மூக்கு கனம். யாராவது முன் சக்கரத்தை முதலில் தரையில் அடித்து இறக்கியிருந்தால் ஃபயர்வால் நெளிந்திருக்கும். அது நெளிந்திருந்தால் மற்ற எல்லாத் திட்டமும் தள்ளிப் போக வேண்டியதுதான்.

அடுத்து சீட் தண்டவாளம். பழைய செஸ்னாக்களில் அந்தத் தண்டவாளத்தின் துளைகள் தேய்ந்துபோய், ஏறும்போது ஓட்டுநர் இருக்கை அப்படியே பின்னால் நழுவி விபத்துகள் நடந்திருக்கின்றன. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ 1987-இல் இதற்குக் கட்டாய ஆய்வு உத்தரவு போட்டு, 2011-இல் அதைப் புதுப்பித்தது. தேய்ந்த தண்டவாளத்தை மாற்றுங்கள், இருக்கை பின்னால் போகாமல் பிடிக்கும் இரண்டாவது தடுப்பையும் போடுங்கள். தோள்பட்டை பெல்ட் இல்லாத விமானம் என்றால் அதையும் இதோடு முடித்துவிடுங்கள். முன் இருக்கைகளுக்குத் தோள்பட்டை பெல்ட் கட்டாயம் என்ற அமெரிக்க விதி 1978 ஜூலை 18-க்குப் பிறகு தயாரான சிறு விமானங்களுக்குத்தான். அதற்கு முந்தியவற்றில் இடுப்பு பெல்ட் மட்டுமே இருக்கலாம். என்னைக் கேட்டால், இந்த மொத்தப் பட்டியலிலும் செலவுக்கு ஈடாக அதிகப் பாதுகாப்பு தரும் பொருள் அதுதான்.

எஞ்சினில் ஓவர்ஹால் முடிந்து எத்தனை மணி என்பதை மட்டும் பார்த்தால் போதாது. சும்மா நின்ற விமானம் ஓடிய விமானத்தைவிட மோசம். எண்ணெய் வடிந்துபோன கேம்ஷாஃப்ட்டில் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) துரு பிடிக்கும். போரோஸ்கோப் என்ற மெல்லிய குழாய்க் கேமராவை விட்டு ஒவ்வொரு சிலிண்டரின் வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் ஃபில்டரை அறுத்து விரித்து உலோகத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் ஹோஸ்களின் தேதியைப் படியுங்கள். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவை 500 மணிக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்திருக்கிறார்களா என்று லாக்புக்கில் தேடுங்கள். இதில் எதுவுமே வெளியில் தெரியாது. நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்பட ஒன்றும் இருக்காது. ஆனாலும் முதல் வருடப் பணம் இங்கேதான் போக வேண்டும்.

டேங்கில் தண்ணீர்

இதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். என் விமானத்தின் இறக்கைக்குள் இருப்பது ரப்பர் பை டேங்க். பை சரியாக விரிந்து உட்காராவிட்டால் அடியில் சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்துக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும். வடிகால் வழியாக எடுத்துப் பார்த்தால் சுத்தமான நீல நிற பெட்ரோல்தான் வரும். விமானம் மூக்கைத் தூக்கி ஏறும்போது அந்தத் தண்ணீர் சுருக்கத்தைத் தாண்டி எஞ்சினுக்குப் போகும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றால், இறக்கையோடு சமமாக, குழிக்குள் உட்காரும் பழைய மூடியின் வழியாக. மழை பெய்தால் குழியில் நீர் நிற்கும், ரப்பர் வளையம் காய்ந்திருந்தால் உள்ளே இறங்கும். 1984-இல் இதற்கும் ஒரு கட்டாய உத்தரவு வந்தது.

தீர்வு இரண்டு. இறக்கைக்கு மேலே எழும்பி நிற்கும், குடை போன்ற மூடியை மாட்டுங்கள். பையை வெளியே எடுத்துப் புதிதாகப் போடும்போது, சுருக்கம் இல்லாமல் விரித்துக் கொக்கிகளில் மாட்டினார்களா என்று நீங்களே விளக்கு அடித்துப் பாருங்கள். அதுவரைக்கும், வெளியில் மழையில் நின்ற விமானத்தை ஏறுமுன் வாலை அழுத்தி, இறக்கையை ஆட்டி, சற்றுப் பொறுத்து வடித்துப் பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் பழைய மிதவை மீட்டர்களை நான் ஒரு தகவலாகக் கூட எடுத்துக்கொள்வதில்லை. எரிபொருள் ஓட்டத்தை அளக்கும் கருவியைப் பொருத்தினால், புறப்படும்போது எவ்வளவு இருந்தது, இதுவரை எவ்வளவு எரிந்தது, சேருமிடத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று காலன் கணக்கில் சொல்லும். ஜிபிஎஸ்ஸோடு இணைத்துவிட்டால் எதிர்காற்று கூடும்போதே மிச்சம் குறைவது தெரியும். நெடும்பயணத்தில் மனத்தை அரிப்பது பெரும்பாலும் பெட்ரோல் சந்தேகம்தான். அது போனால் பாதிக் களைப்பு போய்விடும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: புறப்படும்போது இருந்த அளவை நீங்கள் சரியாகச் சொன்னால்தான் அது சரியாகச் சொல்லும். எனவே அளவுகுச்சியைத் தூக்கி எறியாதீர்கள்.

எஞ்சின் மானிட்டரும் கலவையும்

எரிபொருள் அளவியோடு, எல்லா சிலிண்டர்களின் வெப்பத்தையும் தனித்தனியாகக் காட்டும் மானிட்டரையும் ஒரே கருவியாகவே வாங்கலாம். தொழிற்சாலை கொடுத்த ஒற்றை முள் ஒரு சிலிண்டரை மட்டுமே பார்க்கும். மற்ற ஐந்தின் கதை தெரியாது. என்னுடைய ஓ-470 கார்புரேட்டர் எஞ்சின். ஆறு சிலிண்டருக்கும் பெட்ரோல் சமமாகப் போகாது என்பது அதன் பிறவிக்குணம். மானிட்டர் போட்ட பிறகுதான் இதைக் கையாள முடியும். மேலே போய்ச் சேர்ந்ததும் த்ராட்டிலை முழுதாகத் திறந்த நிலையிலிருந்து ஒரு நூல் பின்னுக்கு இழுத்தால் உள்ளே போகும் காற்று கொஞ்சம் சுழன்று கலவை சீராகும். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் ஹீட்டைப் பாதி அளவு திறந்தாலும் பெட்ரோல் நன்றாக ஆவியாகி, சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் குறையும். இரண்டையும் செய்து பார்த்து, திரையைப் பார்த்துக்கொண்டே கலவையை மெலிதாக்குங்கள், அதாவது காற்றோடு சேரும் பெட்ரோலைக் குறையுங்கள். பாதி ஹீட் வைக்கிறவர்கள் கார்புரேட்டர் வெப்பமானியும் போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பனி உறையும் வெப்பநிலைக்கே நீங்களாகக் கொண்டுபோய் விட்டுவிடலாம்.

சிலிண்டர் தலைக்குத் தயாரிப்பாளர் வைத்த உச்சம் 460 ஃபாரன்ஹீட். நான் 400-க்கு மேல் விடுவதில்லை, நெடும்பயணத்தில் 380-க்கு கீழேயே வைக்கிறேன். ஏறும்போது அது கூடினால் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டுவேன், அவ்வளவுதான். மானிட்டர் பதிந்து வைக்கும் தரவை அவ்வப்போது இறக்கிப் பார்த்தால், கெடப் போகும் வால்வையும் ஸ்பார்க் பிளக்கையும் முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம்.

பேனல்: ஒரே தடவை திறவுங்கள்

என் மெக்கானிக் சொன்ன அறிவுரை இது: "சார், திறந்து மூடுறதுக்குத்தான் கூலி. ஒரே தடவைல முடிச்சிருங்க." கருவியின் விலைக்கு இணையாக வேலைக்கூலி வரும் தொழில் இது. ஆகவே இன்று வாங்கப் போவதை மட்டும் இல்லாமல், ஐந்து வருடம் கழித்து வாங்கக் கூடியதையும் சேர்த்து முழு வரைபடம் போடுங்கள். அதற்கான வயரையும் இடத்தையும் இப்போதே விட்டுவையுங்கள். பட்ஜெட் பத்தாவிட்டால் கருவியைத் தள்ளிப்போடலாம், வயரிங்கைத் தள்ளிப்போடக் கூடாது.

முன்னுரிமை என்று கேட்டால் ஆட்டோபைலட்தான் முதலில். அதுவும் உயரத்தைப் பிடித்து வைக்கும் இரண்டு அச்சு ஆட்டோபைலட். நான்கு மணி நேரம் கையால் ஓட்டி வந்தவருக்கும், அந்த நேரத்தில் வானிலையையும் எரிபொருளையும் கவனித்துக்கொண்டு வந்தவருக்கும், இறங்கும் கட்டத்தில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆட்டோபைலட்டுக்கு, விமானத்தின் சாய்வை உணரும் நம்பகமான ஜைரோ வேண்டும். பழைய விமானத்தில் அது வாக்யூம் பம்ப்பில் ஓடும். உலர்வகைப் பம்ப்பின் கார்பன் தகடுகள் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். உடைந்ததும், விமானம் சாய்வதைக் காட்டும் செயற்கை அடிவானக் கருவி சட்டென்று நிற்காது, மெதுவாகச் சாய்ந்து பொய் சொல்லும். மேகத்துக்குள் அதைவிட ஆபத்தான நண்பன் இல்லை. கார்மின் ஜி5 போன்ற எலக்ட்ரானிக் கருவிக்கு 2016-இல் சான்றிதழ் பெற்ற பழைய விமானங்களிலும் பொருத்த அனுமதி வந்தபிறகு, இதைச் சகித்துக்கொள்ளக் காரணமே இல்லை. இரண்டு போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி பேட்டரி இருக்கட்டும், பம்ப்பையும் அதன் குழாய்களையும் கழற்றி எறியுங்கள். ஆனால் அப்புறம் எல்லாமே மின்சாரத்தை நம்பி இருக்கும். ஆல்டர்னேட்டரும் பேட்டரியும் புதிதாக இருக்க வேண்டும், மின்னழுத்தம் குறைந்தால் கண்ணில் அடிக்கும் எச்சரிக்கை விளக்கும் வேண்டும்.

ஜிபிஎஸ் ஒன்று போதும், ஆனால் கருவிவழி அணுகுமுறைக்கு (ஓடுபாதை கண்ணில் படாதபோது கருவிகளைப் பார்த்தே இறங்கி வருவது) அனுமதி பெற்றதாக இருக்கட்டும். இரண்டாவதுக்கு டேப்லட் போதும். நீங்கள் பறக்கப் போகும் நாடுகளில் ஏடிஎஸ்-பி (விமானத்தின் இருப்பிடத்தைத் தானாக அறிவிக்கும் கருவி) தேவையா என்று முன்பே பாருங்கள். அமெரிக்காவில் பெரும்பாலான நெரிசலான வான்பகுதிகளுக்கு 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். அவசரக்கால டிரான்ஸ்மிட்டர் பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் வகையாக இருந்தால் மாற்றுங்கள். 2009 பிப்ரவரி 1-க்குப் பிறகு செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதில்லை, 406-ஐ மட்டுமே கேட்கின்றன.

உட்கார்ந்திருக்கும் ஆள்

பின்னால் உட்காருகிறவர் சுகமாக வந்தால்தான் அடுத்த பயணம் உண்டு. சத்தத்தை அடக்கும் ஹெட்செட்டை எல்லா இருக்கைக்கும் வாங்குங்கள். கதவு ரப்பரை மாற்றுங்கள். அது செலவு கம்மி, பலன் அதிகம், குளிரும் சத்தமும் சேர்ந்தே குறையும். இருக்கை நுரையைப் புதுப்பிக்கும்போது தீப்பிடிக்காத வகைக்கான சான்று கேட்டு வாங்கி லாக்புக்கில் சேருங்கள்.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி, சத்தம் போடும் எலக்ட்ரானிக் வகை. பேனலில் ஒட்டும் நிறம் மாறும் அட்டையை நம்பாதீர்கள். அதை யார் அடிக்கடி பார்க்கிறார்கள்? இந்த விமானங்களில் ஹீட்டர் காற்று சைலன்சரைச் சுற்றி வருகிறது. சைலன்சரில் விரிசல் விட்டால் புகை நேராக மூக்குக்கு. தூக்கம் வருவது போலத்தான் தொடங்கும்.

ஆக்சிஜனைப் பலர் டர்போ எஞ்சின்காரர்களின் சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். அமெரிக்க விதிப்படி 12,500 அடிக்கு மேல் அரை மணி தாண்டினால் விமானிக்கு ஆக்சிஜன் கட்டாயம், 14,000-க்கு மேல் முழு நேரமும். நான் 10,000-லேயே மூக்குக் குழாயை மாட்டிக்கொள்கிறேன். சிறிய சிலிண்டர், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், அவ்வளவுதான் செலவு. மாலையில் இறங்கும்போது தலைவலி இல்லை.

கடலைத் தாண்டுகிறவர்களுக்கு

அமெரிக்க விமானி மாக்ஸ் கான்ராட் 1959-இல் ஒற்றை எஞ்சின் பைப்பர் கமாஞ்சியில் காசாபிளாங்காவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை நிற்காமல் பறந்தார். ஜெரி மாக் 1964-இல் பதினோரு வயதான செஸ்னா 180-இல் தனியாக உலகைச் சுற்றி வந்த முதல் பெண். இருவரும் காக்பிட்டுக்குள்ளேயே பெரிய டேங்குகளை வைத்துக்கொண்டு போனவர்கள். ஜெரி மாக்குக்குப் பாலைவனத்துக்கு மேலே, நீண்ட ஆன்டெனாவை இழுக்கும் மோட்டார் நிற்காமல் ஓடிச் சூடாகி, டேங்குக்குப் பக்கத்தில் வயர் கருகும் வாசனை வந்தது. உள்ளே டேங்க் வைக்கிறவர்களுக்கு அதில் எல்லாம் இருக்கிறது: தற்காலிக டேங்குக்குத் தனி அனுமதி, உறுதியான கட்டு, காற்றுக்குழாய் வெளியே போவது, பக்கத்தில் மின்சாரம் எதுவும் இல்லாதது. சொந்தச் சுற்றுலாவுக்கு இது பெரும்பாலும் தேவையில்லை.

காகிதம், பிறகு சோதனை

ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் அந்த மாடலுக்கான எஸ்டிசி (மாற்றத்துக்கு அரசு தரும் துணைச் சான்றிதழ்) போன்ற அனுமதி வேண்டும். பறப்புக் கையேட்டில் சேர்க்க வேண்டிய பக்கங்கள், புதிய எடைத் தாள், கருவிப் பட்டியல் எல்லாம் கையில் வந்தபின் கடைசித் தவணையைக் கொடுங்கள். காப்பீட்டு மதிப்பை அன்றே உயர்த்துங்கள். விற்கும்போது இந்தப் பணம் முழுசாகத் திரும்பாது என்பதையும் தெரிந்தே செய்யுங்கள்.

வேலை முடிந்த விமானத்தை நேராக நெடும்பயணத்துக்கு எடுக்க வேண்டாம். முதலில் விமான நிலையத்துக்கு மேலேயே சுற்றுங்கள். ஆட்டோபைலட்டை எத்தனை வழியில் துண்டிக்க முடியும் என்று எல்லா வழியையும் செய்து பாருங்கள். எல்லா ரேடியோவிலும் பேசிப் பாருங்கள், சில அலைவரிசையில் பேசும்போது ஜிபிஎஸ் தடுமாறும். டேங்கைக் காலியாக்கி நிரப்பி, எரிபொருள் அளவியின் திருத்த எண்ணைச் சரிசெய்யுங்கள். சிலிண்டர் மாற்றியிருந்தால், பிஸ்டன் வளையங்கள் பதியும்வரை அதிகத் திறனில் ஓட்ட வேண்டும். சின்னதாக ஒரு மணி நேரம், அப்புறம் இரண்டு, அப்புறம் முழு டேங்கோடு எங்காவது போய் அங்கேயே தங்கி வாருங்கள். தங்கி வரும்போதுதான் விட்டுப்போன பொருள்கள் தெரியும்.

அப்படி என் கருவிப் பையில் சேர்ந்தவை: ஸ்பார்க் பிளக் இரண்டு, அதைக் கழற்றும் ஸ்பேனர், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் ஒவ்வொரு டியூப், சேஃப்டி வயரும் முறுக்கும் இடுக்கியும், மூன்று பாட்டில் எண்ணெய், புனல், எரிபொருள் மூடிக்கான ரப்பர் வளையங்கள், நங்கூரக் கயிறு. பின்னால் சாமான் அறையில் வலையை மாட்டிக் கட்டியிருக்கிறேன். அதன் எடையும் தாளில் இருக்கிறது.